இருமல் நின்ற உயரம்

விடிந்ததிலிருந்து அந்த வீட்டு வாசலில் வெள்ளைத்தாடிப் பெரியவர்கள் சிலர் குதிரையை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கதவை இடிக்கவுமில்லை. அவ்வப்போது மூத்தவர் ஓரோஸ்பாய் மட்டும் கதவருகே வந்து தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"மருமகளே, கதவைத் திறம்மா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போறோம்."

உள்ளேயிருந்து சோனுனின் குரல் வரும். "அடுப்பு பத்தல தாத்தா. வறட்டியெல்லாம் ஈரம்."

தாஷ்-குடுக் ஊரில் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் கூட்டமாக, காரணம் சொல்லாமல், டீ குடிக்க ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டு ஆள் ஒருவர் இறந்துவிட்டார். வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்து, மழையைப் பற்றியும் மந்தையைப் பற்றியும் பேசி, சுற்றி வளைத்துச் சொல்வார்கள். சொன்ன நொடியில் துக்கம் தொடங்கும். வாசலில் கூடாரம் ஏறும், ஊரில் ஒரு வண்டியும் வேறு வேலைக்கு நகராது. தேடுவதும் அத்தோடு முடிந்தது. சொல்லாத வரைக்கும் அந்த ஆள் உயிரோடு இருக்கிறான்.

அதனால்தான் சோனுன் கதவைத் திறக்கவில்லை.

பின்பக்கத்து ஆட்டுப்பட்டியின் மண்சுவரில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தாள் பெர்மெத்.

"அண்ணே, போன கேஸ்ல சாக்கடை, இந்தக் கேஸ்ல ஆட்டுப் புழுக்கை. அடுத்த கேஸ்லயாவது மனுஷங்க மாதிரி வாசல் வழியா போவமா?"

"குதி" என்றார் ஷர்ஷென்.

மாவட்டப் போலீஸில் பல வருஷம் குதிரைத் திருட்டையும் ஆட்டுத் திருட்டையும் துப்புத் துலக்கி ஓய்வு பெற்றவர் ஷர்ஷென். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாததால் தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்தார். அவருக்குத் துணையாக வரும் பெர்மெத் நாரின் பாதையில் வேன் ஓட்டியவள். வாய் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

முற்றத்தில் அந்த ஜீப் நின்றது. ரஷ்யக்காரர்கள் செய்த காலத்தில் அதற்கு ஒரு கித்தான் கூரை இருந்திருக்க வேண்டும். இப்போது தகரத்தில் வெல்டிங் செய்த கூரை, லாரி டயர், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஹீட்டர், ரேடியேட்டருக்கு முன்னால் கம்பளிப் போர்வை. எல்லாம் சோனுனின் கணவன் எர்மெக் இதே முற்றத்தில் கையால் செய்தவை. சோனுன் ஸ்பேனரும் கையுமாகத் திறந்த பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். முழங்கை வரை கிரீஸ்.

"வந்துட்டீங்களா அண்ணே. பிளக் மாத்தினேன். பாயிண்ட் மாத்தினேன். காயில்கூட அவரோட பழைய பெட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டேன். இருமுது. சனியன், வெறுமனே இருமுது!"

"முதல்ல நடந்ததைச் சொல்லும்மா."

அவள் நிமிரவில்லை. ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னாள். வாரத் தொடக்கத்தில், ஒரு வேலை இருக்கிறது, வந்து சொல்கிறேன் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான் எர்மெக். எங்கே என்று சொல்லவில்லை. பிறகு நாரின் சாலையில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப் மட்டும் கிடைத்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. அவனுடைய ஆட்டுத்தோல் கோட் கரையில் கிடந்தது. ஆற்றில் விழுந்திருப்பான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

"உடம்பு கிடைக்கல. கிடைக்காம எப்படி அண்ணே முடிவு பண்றாங்க? வண்டி சரியானா நானே போய்த் தேடுவேன். ஊர்ல ஒருத்தனும் வண்டி தரமாட்டேங்கறான். 'பெரியவங்க உன்கிட்ட பேசட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு சொல்றான்."

ஷர்ஷென் வானத்தைப் பார்த்தார். மலைக்குப் பின்னால் பழுப்பேறிய வெள்ளையில் மேகம் திரண்டிருந்தது. சாயங்காலம் பனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். இந்த மாதத்தில் ஒரு பனி விழுந்தால் குமுஷ்-பெல் கணவாய் வசந்தம் வரைக்கும் மூடிக்கொள்ளும். மலையில் யாராவது இருந்தால் வசந்தத்தில்தான் கிடைப்பான். கிடைப்பது என்ன நிலையில் என்று கேட்கத் தேவையில்லை.

"வண்டியை எப்ப முதல்ல ஸ்டார்ட் பண்ணினே?"

"இன்னிக்குக் காலையிலதான். நேத்து போலீஸ் லாரியில கயிறு கட்டி இழுத்துட்டு வந்து விட்டாங்க. நேத்தெல்லாம் இதைத் தொடவே என்னால முடியல."

"அது என்ன?" பெர்மெத் வேலைப்பலகையைக் காட்டினாள். செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொருளும், பக்கத்தில் ஆணியில் மாட்டிய, காய்ந்த, முடியுள்ள ஒன்றும் இருந்தன.

"பேப்பர்ல இருக்கறது கார்புரேட்டர். முக்தார் குடுத்தான். அவரோட சித்தப்பா மகன். நேத்து வண்டி வந்த கையோட ஓடி வந்தான், 'இதை மாத்திடுங்க அண்ணி'ன்னு. இன்னொண்ணு எங்க யாக் எருமையோட காது. முக்தார்தான் ஊர் யாக்கையெல்லாம் மேய்க்கறான். ஓநாய் அடிச்சா, அடையாளத்துக்குக் காதைக் கொண்டு வந்து உடையவங்ககிட்ட குடுக்கணுமே. வசந்தத்துல குடுத்தது. இவர் ஏனோ தூக்கிப் போடாம அங்க மாட்டி வெச்சார். தினம் அதையே பார்த்துக்கிட்டு நிப்பார்."

பெர்மெத் காதைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஊர் ஓநாய்க்கு ரொம்ப நல்ல வளர்ப்பு அண்ணே. மாட்டையே தின்னுட்டு, காதை மட்டும் நேரா வெட்டி மரியாதையா வெச்சிட்டுப் போயிருக்கு."

ஷர்ஷென் சிரிக்கவில்லை. "வண்டியைக் கிளப்பு" என்றார்.

பெர்மெத் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார்புரேட்டர் வாயில் டப் டப்பென்று வெடித்து, துவண்டு, நின்றது. வாசலில் ஒரு குதிரை மிரண்டு கனைத்தது. மறுபடி கிளப்பினாள். இந்த முறை சோக் குமிழைப் பாதி வெளியே இழுத்துவிட்டு மிதித்தாள். வெடிப்பு அடங்கியது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"சோக் இழுத்தா சரியாகுது. பெட்ரோல் பத்தல அண்ணே. எங்கயோ அடைச்சிருக்கு."

"கார்புரேட்டரைத் திற."

சோனுன் கழற்றினாள். பெர்மெத் பெட்ரோல் போகும் சின்னப் பித்தளைத் திருகை, ஜெட்டை, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடைப்பு இல்லை. ஆனால் ஓட்டை இருக்க வேண்டிய அளவில் இல்லை. உள்ளே பளபளவென்று புது ஈயம். நடுவில் மயிரிழைபோல ஒரு துளை.

"யாரோ வேணும்னே சின்னதாக்கியிருக்காங்க! ஒரு ஊசியை நடுவில நிறுத்தி, சுத்தி ஈயத்தை உருக்கி விட்டு, ஆறினதும் ஊசியை உருவிட்டாங்க. வீட்டு வேலை."

ஊசி என்றதும் சோனுன் ஜெட்டை வாங்கிப் பார்த்தாள். விடுவிடுவென்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் கம்பளம் தைக்கிற பெரிய ஊசி. முனை கருகியிருந்தது.

"போன வாரம் தையல் பெட்டியில இப்படிக் கறுத்துக் கிடந்தது. யார் பண்ணினதுன்னு பிள்ளைங்களைத் திட்டினேன்."

ஊசியை ஜெட்டில் விட்டார்கள். கச்சிதமாக நுழைந்தது.

"எர்மெக்தான்" என்றார் ஷர்ஷென். "சொந்த வண்டிக்கு ஒருத்தன் எதுக்குப் பட்டினி போடுவான்? பெர்மெத், நீ சொல்லு."

பெர்மெத் ஜெட்டை மறுபடி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"காத்து கம்மியா இருக்கற இடத்துக்குப் போறதுக்கு" என்றாள் மெதுவாக. "மேல போகப் போக காத்து கம்மி. பெட்ரோல் ஜாஸ்தியாகிக் கறும்புகை விடும். அதுக்குத் தகுந்தாப்ல பெட்ரோலைக் குறைச்சு வெச்சிருக்கார். இது ரிப்பேரே இல்ல அண்ணே. இந்த வண்டி ரொம்ப உயரமான இடத்துக்காகத் தயார் பண்ணின வண்டி. இங்க இறங்கி வந்ததால இருமுது."

"ஆத்தங்கரைக்குப் போகத் தயார் பண்ணினதில்ல."

சோனுன் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்த ஆட்டுத்தோல் கோட்டைப் பார்த்தாள். போலீஸ் கொடுத்துவிட்டுப் போனது.

"அப்ப அவர் மேல இருக்கார்" என்றாள். "கோட்டு இங்க இருக்கு. அவர் உடம்புல என்ன இருக்கு?"

ஷர்ஷென் கோட்டை உதறி மடித்து சீட்டிலேயே வைத்தார்.

அந்த நேரத்தில் சுவரேறிக் குதித்தான் முக்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கம்பளிக் கல்பாக் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளித் தலையைச் சொறிந்துகொண்டான். "அண்ணி, பாவம் கிழவங்க குளிர்ல நிக்கறாங்க. கதவைத் திறங்க. எவ்வளவு நேரம்தான்..." என்றவன் மற்ற இருவரையும் பார்த்து நின்றான். "ஓ. ஷர்ஷென் அண்ணனா? கார்புரேட்டரை இன்னும் மாத்தலையா?"

"மாத்தல தம்பி" என்றார் ஷர்ஷென் அன்பாக. "இதையே போட்டு ஓட்டிப் பார்க்கப் போறோம். மலைவழி தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும். வர்றியா?"

முக்தார் ஒரு கணம் யோசித்தான். "அண்ணனுக்காக வராம இருப்பனா!"

பெர்மெத் ஜெட்டைத் திருப்பிப் பூட்டினாள். சோனுன் அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் உங்ககூட வரணும் பெர்மெத். ஆனா நான் வெளிய வந்தா அவங்க என்னைப் பார்த்துருவாங்க. பார்த்தா சொல்லிருவாங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ திரும்பி வரும்போது..."

"திரும்பி வரும்போது சூயுஞ்சு கேப்பேன் அக்கா." நல்ல சேதி கொண்டு வருகிறவர் சேதியைச் சொல்வதற்கு முன் அந்த ஒரு வார்த்தையைக் கூவுவார். கேட்டவர் கையில் இருப்பதைப் பரிசாகக் கொடுத்தே ஆக வேண்டும். "பரிசை எடுத்து வெய்யி. சும்மா போர்சோக் பணியாரம் ரெண்டு குடுத்து ஏமாத்த முடியாது."

"வாசல்ல குதிரை நிக்குதே. எப்படி வெளிய போவீங்க?"

பெர்மெத் பின்பக்கம் பார்த்தாள். ஆட்டுப்பட்டிக்கு மண்சுவர். ஃபோர்வீல் நெம்புகோலைத் தள்ளி, மெது கியரில் போட்டு, ஜீப்பைப் பின்னுக்கு விட்டாள். சுவர் ஒரு பெருமூச்சோடு சரிந்தது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின.

"இந்த ஓட்டை வழியா அவங்க வந்துட்டா?" என்று கத்தினாள் சோனுன்.

"வெள்ளைத்தாடி வெச்சவங்க ஆட்டுப்பட்டி வழியா வந்து மரணச் சேதி சொல்ல மாட்டாங்க அக்கா! கௌரவம்!"

ஊருக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஆற்றோரமாக ஜீல்-சாய் பள்ளத்தாக்கு. வலது பக்கம் குமுஷ்-பெல்.

"இடது, இடது" என்றான் பின்சீட்டிலிருந்து முக்தார். "அன்னிக்கு அவர் இந்தப் பக்கம் போனதை என் கண்ணால பார்த்தேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஷர்ஷென். "வலது பக்கம் போ, பெர்மெத்."

வண்டி ஏறியது. சோக் குமிழ் பாதி வெளியே நின்றது. உள்ளே தள்ளினால் வெடித்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று. பெர்மெத் குமிழைக் கால் விரற்கடை உள்ளே தள்ளிப் பார்த்தாள். தாங்கியது. புல் தீர்ந்து பாறை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். தாங்கியது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் முக்தாரின் தலை தகரக் கூரையில் முட்டிக் கல்பாக் சாய்ந்தது. அவன் அதைப் பின்னுக்குத் தள்ளி நெற்றியைச் சொறிந்துகொண்டேயிருந்தான்.

"ரோடு உனக்குப் பழக்கமில்லையா தம்பி?" என்றாள் பெர்மெத். "ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே குனியறியே, அதான் கேட்டேன்."

முக்தார் அதற்கப்புறம் குனியவில்லை. நன்றாக முட்டிக்கொண்டான்.

வெறும் கற்சரிவு ஒன்றில் குமிழ் முழுவதுமாக உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. இருமல் இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. எர்மெக் இந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக முற்றத்தில் குந்தி ஈயம் உருக்கியிருக்கிறான். அதைக் கேட்க இப்போது அவன் இருக்கிறானா?

"இங்கதான் அண்ணே!"

"இங்க என்ன இருக்கு? வெறும் கல்லு. கல்லுக்காக ஒருத்தன் வரமாட்டான். மேல போ."

மேலே போகப் போக எஞ்சின் கனத்தது. கணவாயின் உச்சியில் பின்னால் கறும்புகை சுருண்டு எழுந்தது. வேண்டுதல் துணிகள் கட்டிய கற்குவியலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அணைக்கச் சொன்னார் ஷர்ஷென். காற்றில் முதல் பனித்துகள்கள் வந்து கன்னத்தில் குத்தின. அவரும் பெர்மெத்தும் விளிம்புவரை நடந்து போய்த் தொலைநோக்கியில் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மூன்று கிளைப் பள்ளத்தாக்குகள். எல்லாம் சாம்பல் நிறம். அசைவே இல்லை.

"எர்மெக்!" பெர்மெத் கத்தினாள். குரலைக் காற்று தின்றுவிட்டது.

திரும்பி வந்து சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. பேட்டரியின் மூச்சு குறையத் தொடங்கியது.

"சாவடிக்காத, சாவடிக்காத" என்று வண்டியிடம் முனகிக்கொண்டே இறங்கினாள். பெட்ரோல் வந்தது. பிளக்கில் பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே சுற்ற வேண்டிய ரோட்டர் இல்லை. சுண்டுவிரல் நீளச் சாமான். அது இல்லாமல் இந்த ஜீப் ஒரு தகரப்பெட்டி.

"ஐயோ" என்றான் முக்தார் பின்சீட்டிலிருந்து. "அண்ணி காலையில கழட்டி மாட்டினப்ப எங்கயாவது விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா வண்டி இவ்வளவு தூரம் எதுல ஏறிச்சு? உன் வாய்ச் சத்தத்துலயா?"

பனி கனத்தது. கீழே போகும் பாதையின் விளிம்புகள் மறைய ஆரம்பித்தன. நடந்து இறங்கினாலும் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. ஷர்ஷென் முக்தாரின் பைகளைத் தடவிப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஒன்றுமில்லை. வெளியே எறிந்திருந்தால் இந்தப் பனியில் கிடைக்காது. பெர்மெத்தின் விரல்கள் மரத்துவிட்டன.

அப்போதுதான் கவனித்தாள். வழி முழுக்கக் கல்பாக்கைத் தள்ளித் தள்ளித் தலையைச் சொறிந்தவன் இப்போது ஆடாமல், தலையில் முட்டையைச் சுமப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒரு ஆம்பளையோட கல்பாக்குல ஒரு பொம்பள கை வெச்சா என்ன செய்வாங்க?"

ஷர்ஷென் அவளைப் பார்த்தார். பிறகு முக்தாரைப் பார்த்தார். சோதனை போட்டபோது அவர் கையும் அந்த ஓரிடத்தைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. எந்த ஆளும் இன்னொரு ஆளின் கல்பாக்கைத் தொடமாட்டான்.

"எங்க அப்பா காலத்துல ஊரை விட்டே தள்ளி வெப்பாங்க."

"இப்ப?"

அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "நான் மலையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பெர்மெத் ஓங்கித் தட்டினாள். கல்பாக் பறந்தது. ரோட்டர் முக்தாரின் மடியில் விழுந்தது. அவன் அதைப் பொத்தி எறியக் கையை ஓங்குவதற்குள் ஷர்ஷெனின் பிடி மணிக்கட்டில் விழுந்தது. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை.

"எர்மெக் எங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். இந்த வண்டியை ஓட்டிக்கிட்டுக் கீழ இறங்கினவன் நீ. நேத்து கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து விட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான் சோனுன் முதல்ல கிளப்பினா. ஆனா நேத்தே நீ கார்புரேட்டரோட வந்துட்டே. கிளப்பாத வண்டியில கார்புரேட்டர்தான் கோளாறுன்னு உனக்கு யார் சொன்னது? கீழ இறங்கற வழியெல்லாம் அது உன்கிட்டதான் இருமியிருக்கு. சோக்கை இழுக்கத் தோணல. பாலத்துக்கிட்ட நின்னுபோச்சு. வண்டியில கிடந்த அவன் கோட்டை ஆத்தங்கரையில போட்டுட்டு வந்துட்டே."

முக்தார் கையை உருவப் பார்த்தான்.

"நீ சும்மா வந்திருந்தா நான் உன்னைச் சந்தேகப்பட்டே இருக்கமாட்டேன்" என்றார் ஷர்ஷென். "ஆனா துக்கவீட்டுக்கு ஒறவுக்காரன் வெறுங்கையோட போகக்கூடாதே! அந்தப் பழக்கம் உன் ரத்தத்துல ஊறிப்போச்சு. எதையாவது கையில எடுத்துக்கணும். கையில அகப்பட்டது கார்புரேட்டர்."

"நான் அவர் மேல கை வெக்கல!" முக்தார் அலறினான். "சத்தியமா ஒரு விரல் வெக்கல!"

"ஆமா. சாவி மேல மட்டும் வெச்சே. மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கும்னு விட்டுட்டே. எங்க அவன்?"

முக்தார் அழுதுகொண்டே கையை நீட்டினான். "அதோ, அந்தப் பள்ளத்தாக்குல, அடியில. ஆனா இப்ப போய் என்ன பிரயோஜனம்? மூணு ராத்திரி ஆச்சு..."

பெர்மெத் ரோட்டரை மாட்டினாள். பேட்டரியில் மிச்சமிருந்த கடைசி மூச்சில் எஞ்சின் பிடித்தது. அவன் காட்டிய பள்ளத்தாக்கில் இறக்கினாள். கறும்புகை நின்றது. எஞ்சின் பாடியது. இன்னும் இறங்கினாள். டப். மறுபடி டப், டப்.

அவளுடைய கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"இருமுது அண்ணே. இவ்வளவு கீழ இல்ல. இவன் இப்பவும் புளுகறான்!"

"அடியில போய்த் தேடிக்கிட்டே பனியில மாட்டிக்கட்டும்னு பார்க்கறான்." ஷர்ஷென் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உச்சியில கறும்புகை. இங்க இருமல். ரெண்டுக்கும் நடுவில எங்க பாடிச்சோ அந்த உயரத்துக்குத்தான் எர்மெக் திருகை அளந்து வெச்சான். பல தடவை வந்து பார்த்து அளந்திருக்கான்."

"அந்தப் பக்கச் சரிவுலயும் பாடிச்சே?"

"அந்தப் பக்கம் கல்லு. யாக் கல்லைத் தின்னுமா?"

பெர்மெத் திருப்பி ஏற்றினாள். சோக்கைத் தொடாமல், கண்ணைவிடக் காதை நம்பி ஓட்டினாள். வெடிப்பு நின்ற இடத்தில் இடதுபக்கம் மலையை அணைத்தபடி ஒரு தட்டையான மேய்ச்சல் விளிம்பு பிரிந்து போனது. பனிக்கு அடியில் பழைய டயர் தடம். ஜீப் பாடிக்கொண்டே அதில் ஊர்ந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நாலு சக்கரமும் இழுத்தும் பின்பக்கம் வழுக்கியது. அவள் மனதுக்குள் எர்மெக்கிடம் பேசிக்கொண்டிருந்தாள். செத்திராதே. உன் பொண்டாட்டி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. செத்திராதே.

பாறை வளைவுக்கு அப்பால் கறுப்பாக ஒரு குவியல். யாக்குகள். பனிக்கு முதுகைக் காட்டி, நெருக்கியடித்துப் படுத்திருந்தன. பெர்மெத் ஹாரனை அடித்தாள். அவை தலையைத் திருப்பின.

எதற்கும் காதில்லை.

"ஓநாய் தின்ன யாக்குங்க" என்றார் ஷர்ஷென். "காதை மட்டும் ஊருக்கு அனுப்பிட்டு மிச்சம் உயிரோட இங்க மேயுது. இதைத்தான் அவன் பார்க்க வந்தான். பார்க்காம சித்தப்பா மகனைத் திருடன்னு சொல்ல அவனுக்கு மனசு வரல. சோனுன்கிட்டகூட சொல்லல."

பெர்மெத் அதற்குள் குதித்து ஓடியிருந்தாள். குவியலின் நடுவே, இரண்டு யாக்குகளின் வயிற்றுக்கு இடையில், அவற்றின் தொங்கும் மயிரைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதன் சுருண்டிருந்தான். முகம் சாம்பல். இமையில் பனி. ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. அவள் அவன் வாயருகே கன்னத்தை வைத்தாள்.

ஒன்றுமில்லை. காற்றுதான்.

பிறகு மிக லேசாக ஒரு சூடு.

"அண்ணே!" அவள் கத்தினாள். "அண்ணே, கோட்டு! கோட்டைக் கொண்டா!"

எர்மெக்கின் கண் ஒரு கீற்றளவு திறந்தது. அவன் பெர்மெத்தைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஜீப்பைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"நல்லா... பாடுதா?"

"பாடுதுய்யா" என்றாள் அவள் அழுதுகொண்டே. "கல்யாணப் பாட்டு பாடுது."

கீழே இறங்கும் வழி முழுக்கப் பனி துரத்தி வந்தது. கணவாயைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது பாதை இருந்த இடம் வெறும் வெள்ளை. முன்சீட்டில் பஸ் ஹீட்டரின் சூட்டில், ஆட்டுத்தோல் கோட்டுக்குள், ஷர்ஷென் வாயில் வைத்த சர்க்கரைக் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்தான் எர்மெக். முக்தார் கிளப்பிக்கொண்டு போன ஜீப்பைத் துரத்தி ஓடியபோது சரிவில் கால் முறிந்ததையும், சட்டைப்பையிலிருந்த காய்ந்த தயிருருண்டைகளைப் பனியோடு கரைத்துத் தின்றதையும் விட்டு விட்டுச் சொன்னான். முக்தார் பின்னால் ஷர்ஷெனின் முழங்காலுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். கல்பாக் இல்லாத தலை குனிந்தே இருந்தது.

இரண்டாவது வளைவில் எஞ்சின் இருமியது.

"சோக்" என்றான் எர்மெக் கண்ணை மூடிக்கொண்டே.

"தெரியும்யா. படுத்துக்கோ. படுத்துக்கிட்டே ஓட்டறான் பாரு."

ஊருக்குள் நுழைந்ததும் பெர்மெத் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாள். வாசலில் இப்போது பாதி ஊர் நின்றது. கூடாரத்துக்கான வளைகழிகளை ஒரு வண்டியில் கொண்டு வந்து மதிலோடு சாய்த்திருந்தார்கள். பெரியவர்களுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஓரோஸ்பாய் மூடிய கதவின் பலகையில் உள்ளங்கையை வைத்து நின்றார். உள்ளேயிருந்து வந்த குரல் தேய்ந்து நூலாகியிருந்தது. "இன்னும் அடுப்பு பத்தல தாத்தா..."

"பத்த வேணாம்மா" என்றார் கிழவர். "கதவுக்கு வெளியில நின்னே சொல்லிடறேன். கேட்டுக்கோ, மருமகளே. பிறந்தவன் எவனும்..."

பெர்மெத் ஹாரனில் கையை வைத்து அழுத்தி, எடுக்கவே இல்லை. குதிரைகள் விலகின. சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"சூயுஞ்சு! அக்கா, சூயுஞ்சு! சூயுஞ்சு!"

வாசல் மொத்தமும் கல்லாக நின்றது. கதவுக்குள்ளும் சத்தமில்லை. அந்த வார்த்தையை நம்புவதற்கு உள்ளே ஒருத்தி பயப்படுகிறாள் என்று பெர்மெத்துக்குத் தெரிந்தது. பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது.

சோனுன் வெளியே வந்தாள். முழங்கை வரை கிரீஸ் காய்ந்திருந்தது. ஜீப்பின் முன்சீட்டில் ஒரு கை, கோட்டின் கைக்குள்ளிருந்து மெல்ல உயர்வதைப் பார்த்தாள். அவளுக்கு ஓட வரவில்லை. நேராகப் பெர்மெத்திடம் நடந்து வந்து, கையில் அன்று முழுக்கப் பிடித்திருந்த ஒரே பொருளை, ஸ்பேனரை, அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"அது என் பதினாலாம் நம்பர்" என்று முனகினான் எர்மெக்.

சோனுன் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸ் பதிந்தது. ஆள்கள் அவனை இறக்கத் தூக்கிப் பிடித்தபோதும் அவள் விடவில்லை. வாசலில் வாயைத் திறந்தபடி நின்றிருந்த ஓரோஸ்பாயை அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க தாத்தா" என்றாள். "அடுப்பைப் பத்த வெக்கறேன். டீ குடிச்சிட்டுப் போங்க."